மூளையின் வரைபடமும் சித்தப்பாவின் சொற்களும்

2003 மே தினத்தன்று ஊர்வலம் எங்கள் தெருமுனையில் திரும்பியபோது சித்தப்பா திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது, யாரோ எடுத்து வைத்துவிட்டுப் போன பொருள்போல. பக்கவாதம் வந்து நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் தண்ணீர் வேண்டும் என்று ஒருமுறைகூட அவரால் சொல்ல முடிந்ததில்லை. 'த... த...' என்று தொடங்கி, முகம் சிவந்து, இடது கையால் தலையில் அடித்துக்கொள்வார். முன்னால் வந்த தோழர் 'இன்குலாப்' என்று குரல் கொடுத்ததும் சித்தப்பாவின் வாயிலிருந்து 'ஜிந்தாபாத்' என்று வந்தது. திக்கல் இல்லை, திணறல் இல்லை. முப்பது வருஷம் விசைத்தறிச் சங்கத்தில் போட்ட அதே குரல். ஊர்வலம் நின்றுவிட்டது. இரண்டு பேர் அழுதார்கள். 'மூளை செத்தாலும் வர்க்க உணர்வு சாகாது பாத்தியா' என்றார் ஒருவர்.

நானும் அதையே எழுதினேன். உடலின் எதிர்ப்பு, அதிகாரம் நுழைய முடியாத ஆழத்தில் உறையும் மொழி என்றெல்லாம் ஒரு சிற்றிதழில் இரண்டு பக்கம். நல்லவேளை, அந்த இதழ் அதோடு நின்றுபோனது. ஊர்வலம் போன பத்தாவது நிமிஷம் சித்தப்பா தண்ணீர் கேட்க முயன்று முடியாமல் சுவரில் தலையை மோதியதை அந்த இரண்டு பக்கத்தில் நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் என் வாதம் நின்றிருக்காது. அந்த விடுபடல்தான் பிறகு என்னை மூளை பற்றிய புத்தகங்களின் பக்கம் தள்ளியது. நான் மருத்துவன் அல்லன். 'உடல்' என்ற சொல்லை இருபது வருஷமாகக் கட்டுரைகளில் தாராளமாகப் புழங்கியவன், அந்த உடலுக்குள் என்ன இருக்கிறது என்று பாராமலே.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். கழுத்து வழியே ஏறும் பெரிய ரத்தக்குழாய் மூளைக்குள் கிளை பிரிகிறது. அதில் நடுக்கிளை மூளையின் வெளிப்பக்கம் முழுக்கப் படர்கிறது. சித்தப்பாவுக்கு இடது பக்க நடுக்கிளையில் அடைப்பு. மூளையிலிருந்து தசைக்குப் போகும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை முகுளத்தில் குறுக்கே தாண்டி எதிர்ப்பக்கம் போகின்றன. ஆகவே இடது மூளையில் அடி, வலது கையில் விழுகிறது. பெரும்பாலான மனிதர்களுக்கு மொழியும் இடது பாதியைத்தான் நம்பியிருக்கிறது. ஒரே குழாய் கைக்கும் சொல்லுக்கும் நீர் பாய்ச்சிய வாய்க்கால். வாய்க்கால் அடைத்தது, இரண்டு வயலும் காய்ந்தன.

ஆனால் கால்? மூன்று மாதத்தில் காலை இழுத்து இழுத்தாவது நடந்தார். கை கடைசிவரை வரவில்லை. 'கால் வந்திருச்சுல்ல, கையும் வரும்' என்று ஊரே ஆறுதல் சொல்லியது. சித்தியும் நம்பினாள். இதற்கான விளக்கம் தெரிந்திருந்தால் அந்த நம்பிக்கையில் விற்ற நகையாவது மிஞ்சியிருக்கும்.

பெண்கள் தலையில் மாட்டும் ஹேர்பேண்டைக் காதிலிருந்து காதுக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய அந்த வாக்கில், மூளைப் புறணியில் இருபுறமும் ஒரு பள்ளம் ஓடுகிறது. பள்ளத்துக்கு முன்னால் உள்ள மேடு இயக்கத்துக்கு, பின்னால் உள்ள மேடு தொடு உணர்வுக்கு. முன்மேடு நெற்றி மடலின் கடைசி, பின்மேடு உச்சி மடலின் தொடக்கம். காதுப் பக்கம் நாக்கும் உதடும் முகமும். அதற்கு மேலே கை. உச்சியை நெருங்கும்போது தோளும் உடம்பும். கால் மட்டும் உச்சியைத் தாண்டி, இரண்டு பாதிகளுக்கும் இடையிலான இடுக்கில் மடிந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த இடுக்குக்கு ரத்தம் போவது வேறொரு கிளை வழியாக. நடுக்கிளை அடைபட்டால் கையும் முகமும் அதிகம் பாதிக்கப்பட்டு, கால் ஓரளவு தப்புவது இதனால்தான். அதில் அற்புதமும் இல்லை, சித்தியின் விரதமும் இல்லை.

இந்த வரைபடத்தை விரிவாக வரைந்தவர் மாண்ட்ரியால் நகரத்து அறுவை மருத்துவர் வில்டர் பென்ஃபீல்ட். வலிப்பு நோயாளிகளுக்கு மண்டையோட்டைத் திறந்து செய்யும் சிகிச்சை. மூளைக்குத் தன்மேல் படும் வலி தெரியாது. தோலை மட்டும் மரக்கச் செய்தால் போதும், நோயாளி விழித்தபடி பேசிக்கொண்டிருப்பார். மெல்லிய மின்சாரத்தால் ஓரிடத்தைத் தொட்டால் கட்டைவிரல் துடிக்கும், இன்னோரிடத்தைத் தொட்டால் உதட்டில் குறுகுறுக்கும். ஒவ்வோரிடத்திலும் எண்ணிட்ட சிறு சீட்டு. கை அசைந்ததும் சிலர், இதை அசைத்தது நானில்லை, நீங்கள்தான் என்றார்களாம். 'தன்னிலை' பற்றி எழுதும் நம்மவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம்.

1937இல் எட்வின் போல்ட்ரேயுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரையில் இந்த இடங்களையெல்லாம் ஒரு மனித உருவாகவே வரைந்து போட்டார்கள். பெருத்த உதடு, தடித்த நாக்கு, முறம் போன்ற கை, அதில் பூதாகரமான கட்டைவிரல். முதுகும் வயிறும் ஒன்றுமில்லை. உடம்பில் எந்தப் பாகம் பெரிது என்பதல்ல கணக்கு, எந்தப் பாகம் நுணுக்கமாக வேலை செய்கிறது என்பதுதான். அறுந்த இழையைத் தறி ஓடும் வேகத்தில் எடுத்து, இரண்டு விரலால் முடிச்சுப் போட்டு விடுகிற கையைச் சித்தப்பாவிடம் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு விரலுக்கு மூளைக்குள் ஒரு முழு முதுகை விடப் பெரிய மனை. உழைப்பு உடலுக்குள் எழுதப்படுகிறது என்று வழக்கமாகச் சொல்வோமே, அதை உருவகமாக அல்லாமல் சொல்ல முடிகிற இடம் இது. வரைபடம் பிறவியிலேயே முடிந்துவிட்ட பத்திரமும் அல்ல. பயன்பாட்டால் எல்லைகள் நகர்கின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துப் பின் அமெரிக்கா போன வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் காட்டியது இதைத்தான்: கை துண்டிக்கப்பட்டவரின் கன்னத்தைத் தொட்டால், இல்லாத கையின் விரலைத் தொட்டதுபோல அவர் உணர்ந்தார். வரைபடத்தில் முகமும் கையும் பக்கத்து வீடுகள். கை காலி செய்த மனைக்குள் முகம் வந்துவிட்டது என்பது அவருடைய விளக்கம். அந்த மனை உண்மையில் எவ்வளவு கைமாறுகிறது என்பதில் பின்னால் வந்த ஆய்வாளர்களுக்கு அவரோடு சண்டை உண்டு, அது கிடக்கட்டும்.

இந்தக் குள்ள மனிதன் ஆண் என்பதையும் சொல்லியாக வேண்டும். பென்ஃபீல்டின் நோயாளிகளில் பெண்களும் உண்டு, படத்தில் இல்லை. முலையும் யோனியும் எங்கே என்று கேட்க அறிவியலுக்கு ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

ஆணா பெண்ணா என்பதோடு, யாருடைய மண்டை திறந்திருந்தது என்ற கேள்வியும் இருக்கிறது. 1870இல் பெர்லினில் ஃப்ரிட்ஷ், ஹிட்சிக் என்ற இருவர் நாயின் மூளைப் புறணியில் மின்சாரம் பாய்ச்சி எதிர்ப்பக்கக் கால் அசைவதைக் காட்டினார்கள். பல்கலைக்கழகத்தில் வசதி இல்லாததால் ஹிட்சிக்கின் வீட்டில் வைத்துச் செய்த சோதனை. நான்கே வருஷத்தில் ஆள் கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் மேரி ராஃபர்ட்டி என்ற வீட்டு வேலைக்காரி, அயர்லாந்திலிருந்து வந்தவள். தலையில் புற்றுப்புண் அரித்து மூளை வெளியே தெரிந்தது. ராபர்ட்ஸ் பார்தோலோ என்ற மருத்துவர் அதற்குள் ஊசிகளைச் செலுத்தி மின்சாரம் கொடுத்தார். எதிர்ப்பக்கக் கை நீண்டது, விரல்கள் விரிந்தன. மின்சாரத்தைக் கூட்டினார். அவள் அழுதாள், வலிப்பு வந்தது, நினைவு தப்பியது. சில நாளில் இறந்துபோனாள். அவள் சம்மதித்தாள் என்று எழுதிய அதே மனிதர், அவள் மந்த புத்திக்காரி என்றும் எழுதியிருக்கிறார். கண்டனம் எழுந்து வருத்தம் தெரிவித்தார். மனித மூளையை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்த முதல் சோதனை என்று பாடநூல்களில் இது இடம்பெறுகிறது. என் சித்தப்பாவின் கை ஏன் வரவில்லை என்று நான் இன்று விளக்க முடிவதில் மேரி ராஃபர்ட்டிக்கும் பங்கிருக்கிறது. அதை மறந்துவிட்டு வரைபடத்தின் அழகைப் பேச எனக்கு மனசு வரவில்லை.

இயக்கம் இந்த ஒரு மேட்டில் முடிந்துவிடுவதில்லை. பிடரிக்குக் கீழே உள்ள சிறுமூளை அசைவின் அளவையும் நேரத்தையும் திருத்திக்கொண்டே இருக்கிறது. அங்கே கோளாறென்றால் பலம் குறையாமலே குடித்தவன்போல் தள்ளாடுவோம். உள்ளே ஆழத்தில் இருக்கும் நரம்பணு முடிச்சுகள் அசைவைத் தொடங்கவும் அடக்கவும் உதவுகின்றன. அவற்றுக்கு டோபமைன் அனுப்பும் அணுக்கள் சாகும்போது வருவதுதான் பார்க்கின்சன் நோயின் நடுக்கமும் விறைப்பும். சித்தப்பாவுக்கு இவை இரண்டும் தப்பின. பின்மேடு தப்பவில்லை. வலது உள்ளங்கையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கண்ணை மூடச் சொன்னால் ஏதோ இருக்கிறது என்பதுவரை தெரியும், நாணயம் என்று தெரியாது. சூடான டீ கிளாஸ் அந்தக் கையைச் சுட்டு, கொப்புளத்தைச் சித்திதான் கண்டுபிடித்தாள்.

இனி மொழி. பாரிஸுக்கு வெளியே பீசேத்ர் மருத்துவமனையில் ஒரு மனிதர் 21 வருஷம் இருந்தார். என்ன கேட்டாலும் 'தான் தான்' என்ற ஓசைதான் வரும். கோபம் தலைக்கேறினால் மட்டும் கடவுளை இழுத்து ஒரு வசவு முழுசாக வரும். 1861 ஏப்ரலில் கால் அழுகி, பவுல் ப்ரோக்காவின் பிரிவுக்கு வந்தார். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்கு இடது கையை ஐந்து விரலாக நான்கு தடவை விரித்து, பிறகு ஒரு விரலைக் காட்டினாராம். 21. கணக்கு சரி. புத்தி கெடவில்லை, சொல்தான் இல்லை. ஏப்ரல் 17இல் இறந்தார். மறுநாளே ப்ரோக்கா அவருடைய மூளையை மானுடவியல் சங்கத்தின் முன் வைத்தார்: இடது நெற்றி மடலின் கீழ்ப்பகுதியில் சிதைவு. அந்த இடத்துக்கு ப்ரோக்கா பகுதி என்று பேர் வந்தது. அதை இழந்தவருக்கு 'தான்' என்பதே பேராகிவிட்டது. லூயி விக்டர் லெபோர்ன் என்ற முழுப் பேரும் பிழைப்பும் வெளியே வந்தது 2013இல், போலந்து நாட்டு ஆய்வாளர் டொமான்ஸ்கி பழைய பதிவேடுகளைத் தேடிய பிறகு. செருப்புத் தைக்க உதவும் மர அச்சுக் கட்டை செய்கிற தொழிலாளி. கண்டுபிடித்தவனின் பேர் இடத்துக்கு, இழந்தவனுக்கு ஓர் அசை. குடியேற்ற நாடுகளின் வரைபடங்களில் பார்த்த அதே இலக்கணம்தான்.

1874இல் கார்ல் வெர்னிக்கே மறுபக்கத்தைக் காட்டினார். இடது பொட்டு மடலின் மேற்பகுதி, பின்பக்கமாக. அங்கே அடிபட்டால் பேச்சு தடைபடாது, பெருகும். ராகம் இருக்கும், வாக்கிய ஓட்டம் இருக்கும், பொருள் இருக்காது. பிறர் பேசுவதும் புரியாது. சித்தப்பாவுக்குப் பக்கத்துப் படுக்கையில் ஓர் அம்மா இப்படித்தான். நாள் முழுக்கப் பேசுவாள். தூரத்தில் நின்று கேட்டால் யாரோ பக்கத்து வீட்டுக்காரியிடம் கதை சொல்வதுபோலவே இருக்கும். கிட்டே போனால் ஒரு சொல்கூடச் சொல் அல்ல. கை கால் நன்றாக இருந்ததால் வீட்டார் வாதம் என்றே நினைக்கவில்லை. 'முனி அடிச்சிருச்சுன்னு கோயில்ல ஒம்பது நாள் கட்டிப் போட்டோம்யா' என்று அவள் மகன் என்னிடம் சொன்னான். அவனைக் குறை சொல்லி என்ன செய்ய? மனநோய் என்று தவறாக எண்ணி அனுப்பிவிடுவது படித்தவர்கள் மத்தியிலும் நடக்கிற காரியம்.

ஆக, முன்னால் பேச்சு, பின்னால் பொருள் என்று கணக்குப் போட்டுவிட்டு எழுந்துவிடலாமா? முடியாது. ஃப்ராய்டு மனப்பகுப்பாய்வுக்கு வருவதற்கு முன்பு, 1891இல், பேச்சிழப்பு பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். சொற்கள் மூளையில் அறை அறையாக அடுக்கப்பட்டுள்ளன என்ற வெர்னிக்கேயின் கருத்தை அதில் கடுமையாகத் தாக்கினார். சோவியத் ஆய்வாளர் லூரியா, போரில் மண்டை உடைந்த சிப்பாய்களோடு வருஷக்கணக்கில் உழைத்துச் சொன்னதும் இதுதான்: எந்தத் திறனும் ஓரிடத்தில் குடியிருப்பதில்லை, பல இடங்கள் சேர்ந்து இழுக்கிற தேர் அது. ஒரு வடம் அறுந்தால் தேர் நிற்கும்; அதனால் தேர் அந்த வடத்துக்குள் இருந்தது என்றாகாது. லெபோர்னின் மூளையை ப்ரோக்கா அறுக்காமல் பாதுகாத்து வைத்திருந்தார். 2007இல் அதைக் காந்தப் படமெடுத்தபோது சிதைவு ப்ரோக்கா குறித்த இடத்தையும் தாண்டி, உள்ளே இணைப்பு இழைகள்வரை போயிருந்தது தெரிந்தது. பென்ஃபீல்டின் மேடும் தப்பவில்லை: 2023இல் வெளியான ஆய்வொன்று, கால், கை, முகப் பரப்புகளுக்கு நடுவே எந்த உறுப்புக்கும் சொந்தமில்லாத இடங்கள் உண்டென்றும், அவை திட்டமிடும் பகுதிகளோடு பிணைந்து முழு உடலையும் ஒருசேர நடத்துகின்றன என்றும் காட்டியிருக்கிறது.

மொழி வாயிலும் இல்லை. பிறவியிலேயே காது கேளாத, சைகை மொழிக்காரர்களுக்கு இடது மூளையில் அடிபட்டால் சைகை மொழி உடைகிறது. கை நன்றாக அசையும், இலக்கணம் அசையாது. வலது மூளையில் அடிபட்டவர்களுக்குப் படம் வரைவது குலைந்தாலும் சைகை மொழி பெரும்பாலும் நிற்கிறது. 1980களில் பெலூஜியும் கிளைமாவும் பொய்ஸ்னரும் இதை நிறுவியபோது, சைகை மொழி வெறும் கையாட்டல்தான் என்ற பழைய இளக்காரத்துக்கு இடமில்லாமல் போனது.

நம் சிற்றிதழ்களுக்குப் பழக்கமான இடத்துக்கு வருகிறேன். ரோமன் யாகப்சன் 1956இல் எழுதிய கட்டுரை. பேச்சிழப்பில் இரண்டு வகை. ஒரு வகையில் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் திறன் போகிறது. கத்தி என்று வராமல் அதன் பக்கத்துப் பொருள் வருகிறது, ஆகுபெயரின் பாதை. இன்னொரு வகையில் சொல்லோடு சொல்லைக் கோக்கும் திறன் போகிறது. இலக்கணம் உதிர்ந்து தந்தி மொழி மிஞ்சுகிறது, உருவகத்தின் பாதை. லக்கான் இதை எடுத்துக்கொண்டார், நாம் லக்கான் வழியாக எடுத்துக்கொண்டோம். கவிதைக்கும் கனவுக்கும் இதைப் பொருத்திக் கட்டுரை எழுதாதவர் நம்மில் குறைவு. அந்தக் கட்டுரைகளில் நோயாளி எப்போது காணாமல் போனார் என்று நான் யோசித்ததே இல்லை, திண்ணையில் ஒருவர் வந்து உட்காரும்வரை.

சித்தப்பா இரண்டாவது வகை. மெல்ல மெல்லச் சில சொற்கள் திரும்பின, விகுதி இல்லாமல். இங்கே ஆங்கிலம் போலல்ல தமிழ். தமிழில் வினைச்சொல்லின் விகுதியையெல்லாம் உரித்துவிட்டால் மிஞ்சும் பகுதி பெரும்பாலும் ஏவல். வா, போ, குடி, எடு. 'வாங்க' என்பதில் உள்ள மரியாதை முழுவதும் கடைசி ஓர் அசையில் தொங்குகிறது. அது அறுந்தால் மிச்சம் கட்டளை. ஒருநாள் பழைய தறி முதலாளி பார்க்க வந்தார். பத்து வருஷத்துக்கு முன் கூலி உயர்வுப் போராட்டத்தில் சித்தப்பாவை வேலையை விட்டு நீக்கியவர். ஆனாலும் ஆப்பிளோடு வந்தார். சித்தப்பா இடது கையால் பாயைக் காட்டி, 'வா. உக்காரு' என்றார்.

வீட்டில் மூச்சுச் சத்தம் இல்லை. சித்தி ஓடிவந்து, 'மூளையில அடிபட்டிருச்சு மொதலாளி, மனசுல வெச்சுக்கிடாதீங்க' என்று கும்பிட்டாள். எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. என்ன ஒரு கணம்! எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். பிறகு சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. முதலாளியை எதிர்த்து நின்ற காலத்திலும் 'வாங்க, போங்க' என்று பேசியே மல்லுக்கட்டியவர் அவர். மரியாதையோடு எதிர்ப்பது அவர் தேர்ந்துகொண்ட வழி. அந்தத் தேர்வைத்தான் அடைப்பு பறித்தது. அதை நான் கலகம் என்று வாசிப்பதற்கு அவர் சம்மதம் எங்கே? நான் கொஞ்சம் பார்தோலோவாக இருந்திருக்கிறேன்.

'ஜிந்தாபாத்' விஷயமும் இதோடு சேர்ந்ததே. ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கில மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை விளக்கிவிட்டார். புதிதாக ஒன்றைச் சொல்லக் கோக்கும் பேச்சு வேறு, தானாக உருண்டு வரும் பேச்சு வேறு. வசவு, எண்ணிக்கை, கிழமைப் பெயர், பிரார்த்தனை, பாட்டு ஆகியவை இரண்டாவது வகை. இடது மூளையின் மொழிப் பரப்பு சிதைந்தாலும் இவை தப்பலாம். வலது பாதியும் ஆழத்து முடிச்சுகளும் அவற்றைத் தாங்குவதாகக் கருதுகிறார்கள். லெபோர்னின் வசவும் சித்தப்பாவின் கோஷமும் ஒரே கிடங்கிலிருந்து வந்தவை. தண்ணீர் கேட்பது அப்படியல்ல. அது ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்ய வேண்டிய வாக்கியம். கோஷம் அவருக்குள் மிஞ்சியது அது ஆழமானது என்பதற்காக அல்ல, ஆயிரம் முறை போட்டுப் போட்டுத் தேய்ந்து தானாக ஓடும் நிலைக்கு வந்துவிட்டதால். இதைத் தோழர்கள் சிலரிடம் சொன்னபோது கோபப்பட்டார்கள். எனக்கும் சொல்லப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த உருளும் பேச்சையே பிடியாகக் கொண்டு மேலேற முடியும். பாட்டின் மெட்டில் சொற்களை ஏற்றிப் பழக்கும் சிகிச்சை 1973லிருந்தே இருக்கிறது. எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

எங்களை அனுப்பியது வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு. பயிற்சிக்கு வந்த ஒரு பெண் பட அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்டாள். துடைப்பம் படம். சித்தப்பா வெகுநேரம் போராடி, 'வாரியல்' என்றார். எங்கள் ஊரில் அதற்கு அதுதான் பேர். அவள் அப்படியொரு சொல்லைக் கேட்டதில்லை போலும். பொருளற்ற சொல் உண்டாக்குகிறார் என்று குறித்துக்கொண்டாள். நான் சொன்ன பிறகும், 'அட்டையில துடைப்பம்னுதான் சார் இருக்கு' என்றாள். வட்டார வழக்கு அங்கே நோய்க்குறி. மேடைத் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் இத்தனை தூரமுள்ள ஒரு மொழியில் எதை வைத்து இழப்பை அளப்பது என்பது மூளை நரம்பியலின் கேள்வி மட்டுமல்ல.

சர்டிபிகேட்டுக்கு அலைந்தோம். அப்போது இருந்தது 1995ஆம் வருஷத்துச் சட்டம். அதில் ஏழு வகை ஊனம். கை கால் இயக்கம் உண்டு, பேச்சும் மொழியும் இல்லை. கைக்குச் சதவீதம் போட்டுக் கொடுத்தார்கள். பேச்சிழப்பை அஃபேசியா என்ற பேரோடு சேர்த்தது 2016ஆம் வருஷத்துச் சட்டம்தான். சித்தப்பா 2011இல் போய்விட்டார். அந்தத் தாளில் அவர் இழந்ததாக இருப்பது வலது கை மட்டும். தறிக்காரருக்கு அது சின்ன இழப்பில்லை. ஆனால் படிவத்தை நிரப்பிய குமாஸ்தா பேர் என்ன என்று கேட்டபோது அவர் வாயைத் திறந்து திறந்து மூட, பேரை நான்தான் சொன்னேன்.